ரைஃபிள் வாங்கப் போகிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காட்டுப்பன்றித் தொல்லை பற்றி நீங்கள் வெளியிட்ட செய்திக்குப் பிறகு எங்கள் பென்னாகரம் பக்கத்தில் டீக்கடைப் பேச்சே மாறிவிட்டது. மரவள்ளியையும் நிலக்கடலையையும் பறிகொடுத்தவர்கள், "லைசென்ஸ் எடுத்து ஒரு போல்ட் ரைஃபிள் (ஒவ்வொரு முறையும் கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றுவது) வாங்கிவிட்டால் தீர்ந்தது" என்கிறார்கள். எங்கே தீர்ந்தது? துப்பாக்கி லைசென்ஸ் வேறு, சுடுவதற்கான அனுமதி வேறு. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டரைத் தாண்டி வரும் பன்றியைக்கூட வனத்துறையினர்தான் சுடுவார்கள் என்று 2025 ஜனவரியில் அரசே சட்டசபையில் சொல்லிவிட்டது. போதாததற்கு, ரைஃபிள் குண்டு ஒரு மைல் தாண்டியும் போகும். கொல்லைக்கொரு வீடு இருக்கிற ஊர் நம்முடையது.

அப்பா காலத்து லைசென்ஸ், சுடும் கிளப் என்று முறையான காரணத்தோடு வாங்குபவர்களும் இருக்கிறார்கள். 303 என்ற குழல் அளவுள்ள ரைஃபிள் பொதுமக்களுக்குக் கிடையாது. அவர்கள் கைக்கு வருவது பெரும்பாலும் மேற்கு வங்கத்து இச்சாப்பூர் தொழிற்சாலையின் 315 அளவு ரைஃபிள்தான். அதுவும் பலருக்குப் பழையதாகத்தான் வரும்.

விற்பவர் முதலில் தோளில் வைக்கும் மரக்கட்டையைக் காட்டுவார், வார்னிஷ் மினுமினுக்கும். அதில் மயங்க வேண்டாம். தோட்டா இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து, விரலையும் விட்டுப் பார்த்த பிறகு போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை அடைக்கும் இரும்புத் தண்டு) உருவிவிட்டு, வெளிச்சத்துக்கு நேராகக் குழலுக்குள் பாருங்கள். குண்டைச் சுழலவைக்கும் முறுக்கு வரிகள் கூர்மையாகத் தெரிய வேண்டும். கருப்புக் கருப்பாகக் குழி விழுந்திருந்தால் எந்த எண்ணெய் போட்டுத் துடைத்தாலும் போகாது. பழைய தோட்டாக்கள் சிலவற்றின் ப்ரைமரில் (தோட்டாவின் அடியில் தீப்பொறி கிளப்பும் மருந்து) உப்பு உண்டு. சுட்டதும் கழுவாமல் பரணில் போட்டால் அது ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்றுவிடும். குழல் வாயில் நசுங்கல் இருந்தால் குறி தப்பும். போல்ட்டில் உள்ள எண்ணும் துப்பாக்கி உடலில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். வேறாக இருந்தால், தோட்டா உட்காரும் இடைவெளியை லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக் அளந்து பார்க்காமல் ஒரு ரவுண்டுகூடச் சுடக்கூடாது. இவையெல்லாம் சரியாக இருந்து கட்டையில் மட்டும் கீறல் என்றால் நான் தயங்காமல் எடுப்பேன். புதியதில் இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் வேலை இல்லை, விலைதான் கடிக்கும்.

அப்புறம், முன்பணத்தில் அவசரம் வேண்டாம். தனியாரிடம் வாங்கினால், விற்பவர் கலெக்டருக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்து 45 நாள் கழிந்த பிறகே துப்பாக்கி கைமாற வேண்டும் என்கிறது 1959 ஆயுதச் சட்டம். "இன்றே எடுத்துப் போங்கள்" என்பவரிடம் வாங்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.