காற்று பிடிக்கிற மெஷினையும் வந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருவையாற்றுப் பக்கத்தில் வாழைத்தாரும் இலைக்கட்டும் ஏற்றி, வாரத்தில் ஆறு நாள் தாராசுரம் காய்கறி மார்க்கெட்டுக்குக் குட்டியானை ஓட்டுகிறவன் நான். கபிஸ்தலம், சுவாமிமலை வழியாகப் போக வர, தோட்டம் தோட்டமாக நின்று ஏற்றுவதையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு 75 கிலோமீட்டர் ஓடும். டீசல் லிட்டர் 90 ரூபாயைத் தாண்டிப் பல வருடம் ஆகிவிட்டது. தாருக்கு இவ்வளவு என்று வியாபாரி கொடுக்கும் வாடகை அந்த அளவுக்கு ஏறவில்லை. டீசல் செலவைக் கொஞ்சமாவது பிடித்தால்தான் வீட்டுக்கு ஏதாவது மிஞ்சும் என்ற நிலையில் இருப்பவர்கள் இந்த டெல்டா முழுக்க இருக்கிறோம், அதனால்தான் டயர் காற்றைப் பற்றியும், பங்க்கில் அதைப் பிடிக்கும் மெஷினைப் பற்றியும் இதை எழுதுகிறேன்.

போன வருடம் வரைக்கும் நான் மைலேஜ் கணக்கே பார்த்தது கிடையாது. ஐந்நூறுக்குப் போடுவேன், முள் கீழே வந்தால் மறுபடி ஐந்நூறு. எவ்வளவு ஓடியது என்று கேட்டால் குத்துமதிப்பாகச் சொல்வேன். அப்புறம் ஒரு நாள் பின் டயர் இரண்டும் சீக்கிரம் வழுக்கையாகிவிட்டது என்று மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். அவர் டயரின் மேல் உள்ளங்கையை வைத்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மெதுவாகத் தடவினார், என் கையையும் பிடித்து அதே மாதிரி தடவ வைத்தார். நடுவில் பட்டன் இன்னும் நன்றாகக் கையில் தட்டுகிறது, இரண்டு ஓரமும் மொழுமொழுவென்று தேய்ந்து கிடக்கிறது. "காத்து இல்லாம ஓட்டுனா இப்படித்தான் ஓரம் தேயும் தம்பி, காத்து அதிகமா இருந்தா நடுவுல தேயும்" என்றார். அளந்து பார்த்தால் இருக்க வேண்டிய காற்றில் கால் பங்கு இல்லை. கண்ணால் பார்த்தபோது டயர் சப்பையாகக்கூடத் தெரியவில்லை!

எரிபொருள் சேமிப்புக்கென்று 1978-இல் இருந்து மத்திய அரசின் பி.சி.ஆர்.ஏ. என்ற அமைப்பு இருக்கிறது. டயரில் காற்று கால் பங்கு குறைந்தால் எரிபொருள் 5-லிருந்து 10 சதவீதம் வரை கூடுதலாகக் குடிக்கும், டயரின் ஆயுளும் கால் பங்கு போய்விடும் என்று அவர்கள் சொல்கிறார்கள். அதைப் படித்தபோதுதான், இத்தனை நாள் நூறு ரூபாய் டீசலுக்கு ஐந்து, பத்து என்று ரோட்டில் தேய்த்திருக்கிறேன் என்று வயிறு எரிந்தது.

அன்றிலிருந்து ஒரு நோட்டுப் போட்டேன். டேங்க் நிரம்ப அடித்து கிலோமீட்டரைக் குறிக்க வேண்டும், மறுபடி நிரம்ப அடிக்கும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று பார்த்து, ஓடிய கிலோமீட்டரை அதால் வகுக்க வேண்டும். முதல் மாதம் 16 வந்தது. பிறகு வாரம் ஒரு முறை காற்று பார்த்தேன், காலையில் வண்டி எடுத்த உடனே, டயர் சூடேறும் முன். ஓடிச் சூடான டயரில் அளந்தால் காற்று கூடுதலாகக் காட்டும், அதை நம்பினால் ஏமாந்து போவோம். வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றினால், ஒரு பின் சக்கரம் சுற்றாமல் உடனே நின்றது. பிரேக் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. அதைச் சரி செய்தோம். அறுவடைக் காலத்தில் ரோடு முழுக்க வைக்கோல் தூசிதான், ஏர் பில்டரைக் கழற்றித் தட்டினால் மஞ்சளாகக் கொட்டியது. அதையும் மாற்றினோம். மூன்றாவது மாதம் நோட்டில் 18 வந்தது. மாதம் 1,950 கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்கு 13 லிட்டருக்கு மேல் மிச்சம், ரூபாயில் 1,200-ஐ ஒட்டி வருகிறது. எல்லாமே காற்றால் வந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் இதில் காசே செலவில்லாத வேலை அது ஒன்றுதான்.

செலவில்லாத அந்த வேலையைத்தான் எங்கள் பக்கத்தில் செய்ய முடியவில்லை. இதைச் சொல்லத்தான் கடிதமே எழுத உட்கார்ந்தேன்.

நான் வழக்கமாக டீசல் போடும் பங்க்கில் காற்று பிடிக்கும் மெஷின் இருக்கிறது. அதன் மேல் "ரிப்பேர்" என்று சாக்பீஸில் எழுதிய ஒரு அட்டை தொங்குகிறது. தை மாதம் பார்த்த அட்டை, ஆடி வந்தும் அதே அட்டை, மழையில் எழுத்து அழிந்ததும் புதிதாக எழுதித் தொங்கவிட்டார்கள். அடுத்த பங்க்கில் மெஷின் ஓடும், ஆனால் காலை எட்டரை மணிக்கு மேல்தான் ஆள் வருவார். மார்க்கெட் வண்டிக்காரன் விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்புகிறவன், எட்டரைக்கு நான் எங்கே இருப்பேன்? இன்னொரு இடத்தில் டயருக்குப் பத்து ரூபாய் கேட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு "கரண்ட் பில் யார் கட்டுறது" என்று பதில். பங்க் என்றால் காற்று, குடிதண்ணீர், கழிப்பறை, முதலுதவிப் பெட்டி இவற்றுக்குக் காசு வாங்கக் கூடாது, இது எண்ணெய் நிறுவனங்களே பங்க் நடத்துகிறவர்களுக்குப் போட்டிருக்கும் விதி. புகார்ப் புத்தகமும் வைத்திருக்க வேண்டும். அட்டை தொங்குகிற பங்க்கில் நான் கேட்டு வாங்கி எழுதினேன், எனக்கு முன்னால் அந்தப் புத்தகத்தில் ஒருவர்கூட எழுதியிருக்கவில்லை. அது எனக்கு வருத்தமாக இருந்தது, ஏனென்றால் அந்த அட்டையைத் தினமும் நூறு பேராவது பார்த்துவிட்டுத்தான் போகிறோம்.

பக்கத்தில் பஞ்சர் கடையில் பிடிக்கலாமே என்பார்கள். பிடிக்கிறோம், அங்கே காசு கொடுப்பது நியாயம், அது அவர் பிழைப்பு. ஆனால் பல கடையில் அளவு காட்டும் மீட்டரே உடைந்து கிடக்கும், டயரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து "போதும்ணே" என்று விடுவார்கள். அதிகமாகப் பிடித்தாலும் ஆபத்துதான், மழை ரோட்டில் பிரேக் அடித்தால் வண்டி வழுக்கும். அதனால் நான் ஒரு மீட்டர் வாங்கி டேஷ்போர்டில் போட்டுவிட்டேன். எந்த வண்டிக்கு எவ்வளவு, லோடு இருந்தால் பின்னால் எவ்வளவு என்று வண்டியோடு கொடுத்த புத்தகத்திலேயே போட்டிருக்கிறது.

எங்கள் ஊர் ரோட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே மலை கிடையாது, மேடு என்றால் பாலம்தான். ஆறு, வாய்க்கால், மதகு என்று இரண்டு கிலோமீட்டருக்கு ஒன்று வரும், நடுவில் ஊருக்கு ஊர் வேகத்தடை. குறுவை அறுப்பு சமயத்தில் பாதி ரோட்டில் நெல் காயும் (அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், களம் இல்லாத ஊரில் ஈர நெல்லை வேறு எங்கே கொட்டுவார்கள்). வேகத்தடை வரை மிதித்துப் போய் அங்கே பிரேக் அடித்து, மறுபடி முதல் கியரிலிருந்து ஏற்றுவதில்தான் டீசல் போகிறது. இப்போது தடை தூரத்தில் தெரியும்போதே காலை எடுத்துவிடுகிறேன், வண்டி கியரிலேயே தானாக வேகம் குறையட்டும். பாலம் இறங்கும்போது நியூட்ரலில் விடுகிற பழக்கம் நம் ஆட்களிடம் நிறைய. இப்போது வருகிற வண்டியில் அதனால் மிச்சமில்லை. கியரில் காலை எடுத்தால் இன்ஜின் எரிபொருளை நிறுத்திவிடும், நியூட்ரலில் விட்டால் ஐடிலிங் ஓடக் குடித்துக்கொண்டேதான் இருக்கும். வேகமும் 45-லிருந்து 55-க்குள் இருந்தால் போதும், 80-இல் பறந்தாலும் மார்க்கெட்டுக்குக் கால் மணி நேரம் முன்னால் போவோம், அவ்வளவுதான். ரயில்வே கேட் மூடியிருந்தால் இன்ஜினை அணைத்துவிடலாம்.

சிலர் காரைக்காலில் போய்ப் போடு, புதுச்சேரி வரி குறைவு என்கிறார்கள். உண்மைதான், நாகூரிலும் பொறையாற்றிலும் இருப்பவர்களுக்குக் கட்டுப்படியாகும். மயிலாடுதுறையிலிருந்து அதற்கென்றே பைக்கில் போனால் போக வர 70 கிலோமீட்டர், 50 மைலேஜ் கொடுக்கிற பைக்குக்கு அதிலேயே 1.4 லிட்டர் போய்விடும். லிட்டருக்கு 5 ரூபாய் லாபம் என்று வைத்துக்கொண்டாலும், 10 லிட்டர் போட்டால் 50 ரூபாய்தான் வரும், வழியில் எரித்தது 140. விடியற்காலையில் போட்டால் அதிகம் கிடைக்கும் என்பதும் அப்படித்தான். டேங்க் பூமிக்கு அடியில் இருக்கிறது, காலைக்கும் மதியத்துக்கும் அங்கே சூடு பெரிதாக மாறாது. 100-க்குப் பதில் 110-க்குப் போட்டால் ஏமாற்ற முடியாது என்பதிலும் ஒன்றும் இல்லை. மீட்டர் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், சந்தேகம் வந்தால் 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். முத்திரை வைத்த பாத்திரம் பங்க்கில் இருக்க வேண்டும், 25 மில்லிக்கு மேல் குறையக் கூடாது, கேட்க நமக்கு உரிமை உண்டு.

அளவு சரியா என்று தொழிலாளர் துறையிலிருந்து முத்திரை ஆய்வாளர்கள் வருடா வருடம் வந்து பார்க்கிறார்கள். எண்ணெய் நிறுவன அதிகாரிகளும் சோதனைக்கு வருகிறார்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை நான்கு மாவட்ட நிர்வாகத்தையும் நான் கேட்பது இதுதான்: சோதனைக்கு யார் வந்தாலும் பத்து அடி தள்ளி இருக்கும் அந்தக் காற்று மெஷினையும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஓடுகிறதா, மீட்டர் சரியாகக் காட்டுகிறதா, எந்த நேரம் ஆள் இருப்பார் என்று பலகை இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். விடியற்காலை வண்டிகள் போகிற மார்க்கெட் வழியில் இருக்கும் பங்க்குகளிலாவது மூன்று மணிக்கு ஒருவர் இருக்கட்டும்.

வண்டி ஓட்டும் அண்ணன் தம்பிகள் நீங்களும் அந்தப் புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி இரண்டு வரி எழுதுங்கள். நான் எழுதிய பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், அட்டை இன்னும் தொங்கினால் வருகிற திங்கட்கிழமை தஞ்சாவூர் கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுவோடு சேர்த்துக் கொடுக்கப் போகிறேன்.

இப்படிக்கு,
வாழைத்தார் வண்டி ஓட்டுநர்,
திருவையாறு.