பல் போனது சோம்பலாலா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கனடா மத்திய அரசின் பல் பராமரிப்புத் திட்டம் பற்றி கடந்த வார இதழில் வந்த கட்டுரையைக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரண்டு தரம் வாசித்தேன். விபரங்கள் எல்லாம் சரி. ஆனால் கடைசிப் பந்தியில் உங்கள் கட்டுரையாளர் ஒரு வரி எழுதியிருக்கிறார்: “அரசு கொடுத்தும் பல்லைக் கவனிக்காமல் விடுவது எங்கள் முதியோரின் சோம்பல்.” எனக்கு வயது 69. மேல் வரிசையில் சொந்தப் பல் ஐந்துதான் மிச்சம். அந்த ஐந்தையும் கடித்துக்கொண்டுதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

கட்டுரையாளர் இளம்பிள்ளையாக இருக்க வேண்டும், அவரில் எனக்குக் கோபம் இல்லை. (கொஞ்சம் இருக்கிறது.) நீங்கள் அப்படியில்லை. நாங்கள் வந்த காலத்தில் வந்தவர். ‘கனடாவில் வைத்தியம் இலவசம்’ என்று கேள்விப்பட்டு வந்து இறங்கியவர்களுக்கு, பல் மட்டும் உடம்போடு சேர்த்தி இல்லை என்று எப்போது தெரியவந்தது என்பதை நானா உங்களுக்குச் சொல்ல வேண்டும்?

எனக்கு அது 1993இல் தெரிந்தது. பொதிசெய்யும் தொழிற்சாலையில் இரவு வேலை. கீழ்க் கடைவாய்ப்பல் குத்தத் தொடங்கியது. மூன்று கிழமை கராம்பை வைத்துக் கடித்துக்கொண்டே லைனில் நின்றேன். பிறகு போனால், பல்வைத்தியர் ஒரு துண்டில் இரண்டு தொகை எழுதித் தந்தார். வேர்ச் சிகிச்சை செய்து மூடி போட 1,100 டொலர். பிடுங்க 90 டொலர். என் வீட்டுக்காரர், இவர், அப்போது ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார், மணிக்கு 6 டொலர் சொச்சம். ஊரில் தம்பிக்குக் காசு அனுப்ப வேண்டிய மாதம். எதைத் தெரிவு செய்திருப்போம் என்று நினைக்கிறீர்கள்? அடுத்த நாள் வாயில் பஞ்சோடு வேலைக்குப் போனேன். ஒரு பல் போனால் பக்கத்துப் பல் சரியும், பிறகு அதுவும் ஆடும். அப்படியே ஒவ்வொன்றாகப் போனது. இதற்குப் பெயர் சோம்பல் என்றால், அந்தச் சொல்லுக்கு வேறு அகராதி வாங்க வேண்டும்.

ஊரில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளை உடுப்புப் போட்ட பல் நேர்ஸ் வருவா. கொழும்புக்குப் பக்கத்தில் மகரகமவில் அதற்கென்றே படித்தவ. கதிரையில் இருத்தி வாயைத் திறக்கச் சொன்னால் பாதிப் பிள்ளைகள் அழுவார்கள், நான் ஒருதரம் அவவின் விரலைக் கடித்தும் இருக்கிறேன். ஆனாலும் ஓட்டையை அடைத்துவிட்டுத்தான் அனுப்புவா. ஒரு சதம் வாங்கினதில்லை. அது 1960கள், நாடு இலங்கை. இந்தப் பணக்கார நாட்டில் பிள்ளைகளின் பல்லுக்கு அரசு பொறுப்பெடுக்க வேண்டும் என்று 1964இல், நாட்டின் சுகாதார சேவையை ஆராய்ந்த ஹோல் ஆணைக்குழு எழுதிக் கொடுத்தது. சஸ்காச்சுவான் மாகாணம் 1974இல் பள்ளிக்கூடத்திலேயே பல் வைத்தியம் தொடங்கி நன்றாக நடத்தியும் காட்டியது. பிறகு வந்த அரசு 1987இல் அதை இழுத்து மூடியது. மற்ற மாகாணங்களிலும் ஏழைப் பிள்ளைகளுக்கு ஏதோ கொஞ்சம் கிடைத்தது. வளர்ந்தவர்கள் தங்கள் பாட்டைப் பார்க்க வேண்டியதுதான்.

சரி, 2024 மே மாதம் முதியோருக்குத் திட்டம் வந்தது. அடுத்த மாதம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு, 2025இல் மற்றவர்களுக்கும். நல்ல விஷயம், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் கட்டுரையில் நாலு இடத்தில் ‘இலவசம்’ என்று போட்டிருக்கிறீர்கள், நான் எண்ணினேன். எதிர்ப்பக்கத்திலும் அதே சொல்லை அரைப்பக்க விளம்பரமாகப் பார்த்தேன். எது கட்டுரை, எது விளம்பரம் என்று எனக்குக் கொஞ்சம் குழம்பிவிட்டது. வயது போனால் அப்படித்தான்.

குடும்ப வருமானம் 70,000 டொலருக்குக் கீழே என்பதால் எங்களுக்குப் பங்குக் கட்டணம், அதாவது செலவில் எங்கள் பங்கென்று கட்டுவது, கிடையாது. நம்பிப் போய் இவருக்குப் பல் சுத்தம் செய்து, இரண்டு அடைத்து, எழும்பி வந்தால் வரவேற்பில் இருந்த பிள்ளை, எங்கட தமிழ்ப் பிள்ளைதான், “அன்ரி, 84 டொலர் வருது” என்றா. திட்டம் தருகிற தொகை ஒன்று, வைத்தியரின் விலை இன்னொன்று, நடுவில் உள்ளது எங்கள் தலையில். இதை ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்கள் கேக்கேல்லையே அன்ரி” என்று பதில். இரண்டாம் முறை போக இவருக்கு மனம் வரவில்லை. இப்போது முறுக்கைத் தேத்தண்ணியில் ஊறவைத்துச் சாப்பிடுகிறார். பனங்கிழங்கை நாரோடு உரித்து உரித்துக் கடித்த மனுஷன்.

மகளின் கதை இன்னொன்று. கடையில் பகுதிநேர வேலை. அந்த வேலையோடு வருகிற பல் காப்புறுதி முழுக் குடும்பத்துக்கும் சேர்த்து வருஷத்துக்கு 500 டொலர் தரும். அப்படி ஒன்று கையில் இருப்பதால் அரசுத் திட்டத்துக்கு அவவும் ஏழு வயதுப் பேரனும் தகுதியில்லை. காப்புறுதியே இல்லாதவருக்கு வழி உண்டு, உதவாத காப்புறுதி உள்ளவருக்கு இல்லை. பேரனுக்கு இரண்டு சூத்தைப் பல், ஒன்றை அடைத்தாயிற்று. மற்றது தை மாதம் வரை பொறுத்திருக்க வேண்டும், புது வருஷத்து 500 டொலர் வரும் வரை. இதுவும் சோம்பல் கணக்கில்தான் வருமா, ஐயா?

இதையெல்லாம் அரசுக்குத்தான் எழுத வேண்டும், தெரியும். அவர்கள் தமிழ் வாசிக்க மாட்டார்கள். உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். இந்தத் திட்டத்தை ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டும், அதற்குக் கணவன் மனைவி இருவரும் வரிக் கணக்குப் போட்டிருக்க வேண்டும், புதுப்பிக்காவிட்டால் ஜூன் 30உடன் முடிந்துவிடும். ‘வருமானமே இல்லை, எனக்கென்ன வரி’ என்று இருக்கிற வயோதிபர்கள் எங்கள் கட்டிடத்திலேயே ஆறேழு பேர். ஆகவே சித்திரை மாதத்திலிருந்து முதல் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். ‘கதிரையில் இருக்க முதல், திட்டத்துக்கு மேலே எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேளுங்கள்’ என்று ஒரு வரியையும் அதில் சேர்த்துவிடுங்கள். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டால் உதவி, இவருக்கு இப்போது கண்ணும் சரியில்லை.

இப்படிக்கு,
26 வருடமாகச் சந்தா கட்டும் ஒரு வாசகி,
ஸ்காபரோ