சாதகத்தோடு இதையும் கேளுங்கள்: கொழும்புக் கல்யாணத் தரகர்களுக்கு ஒரு திறந்த மடல்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கம் சம்பந்தம் பேசும் தரகர் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

வணக்கம். நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். நீங்கள் பேசி முடிக்கும் அமெரிக்கச் சம்பந்தங்களின் பிறப்புப் பத்திரமும் விவாகப் பத்திரமும் கடைசியில் என்னைப் போன்றவர்களின் மேசைக்குத்தான் வருகின்றன. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

உங்கள் குறிப்புகளில் நட்சத்திரம், பாதம், செவ்வாய், கிரகபாவம் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. மாப்பிள்ளையின் வதிவிடத்துக்கு வந்தால் மட்டும் 'அமெரிக்கா, பிஆர்/சிற்றிசன்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள். பெண்ணின் அடுத்த சில வருடங்கள் அந்தச் சாய்கோட்டில்தான் தொங்குகின்றன. சிற்றிசன் ஒருவர் தன் மனைவிக்கு ஐ-130 என்கிற குடும்ப மனுவைப் போட்டால் வருடாந்த விசா எண்ணிக்கை வரம்பு இல்லை. கோப்பு நகரும் நேரம்தான் காத்திருப்பு. பிஆர், அதாவது கிரீன் கார்ட் மட்டும் உள்ள நிரந்தர வதிவாளர், அதே ஐ-130ஐப் போட்டால் எஃப்2ஏ என்கிற, எண்ணிக்கை வரம்புள்ள வரிசையில் நின்று, அமெரிக்க அரசு மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டின் பட்டியலில் தன் திகதி வரும்வரை பார்த்திருக்க வேண்டும். இடையில் அவர் சிற்றிசன் ஆனால் வரிசையிலிருந்து வெளியே வரலாம். கே-1 என்கிற நிச்சயித்த பெண்ணுக்கான விசா கிரீன் கார்ட்காரருக்குக் கிடையவே கிடையாது. 'பிஆர் மாப்பிள்ளை, கே-1இல் ஆறு மாதத்தில் கூப்பிட்டுவிடுவார்' என்று உங்களில் ஒருவர் சொன்னதை நம்பி வேலையை விட்ட பிள்ளையை எனக்குத் தெரியும்.

சிற்றிசன் மாப்பிள்ளை என்றால் எழுத்துக்கு, அதாவது விவாகப் பதிவுக்கு, முன்பே எந்தப் பெட்டிசன் என்று முடிவெடுக்க வேண்டும். கே-1க்கான மனுவான ஐ-129எஃப் போடுவதற்கு முந்திய 2 வருடத்துக்குள் இருவரும் ஒருமுறையாவது நேரில் சந்தித்திருக்க வேண்டும். வாட்சப் வீடியோவெல்லாம் சந்திப்பாகாது. பெண் போய் இறங்கி 90 நாளுக்குள் அந்த மாப்பிள்ளையையே கல்யாணம் முடிக்க வேண்டும். பிறகு அங்கேயே ஐ-485 போட்டு, தனியாகக் காசு கட்டி, கிரீன் கார்ட் கேட்க வேண்டும். வேலை அனுமதி வரும்வரை வீட்டில்தான் இருக்க வேண்டும்.

நல்ல நாள் அமைந்தது என்று தாலிக்கு முன்னரே எழுத்தை வைப்பது நம்மவர் வழக்கம். பதிவாளரின் புத்தகத்தில் கையெழுத்து விழுந்த கணமே கே-1 போச்சு. ஏற்கனவே போட்ட ஐ-129எஃப் வீண். ஐ-130இல் தொடக்கத்திலிருந்து வர வேண்டும்.

மறுபக்கம் இன்னும் மோசம். போன வருடம் ஒரு தாய், மகளின் கே-1க்கு 'இன்னும் விவாகமாகவில்லை' என்று சத்தியக்கடதாசி வேண்டுமென்று வந்தார். மண்டபத்தில் தாலி கட்டியாயிற்று, எழுத்து மட்டும் இல்லையாம். கூறைச்சேலையும் மாலையுமாகப் பிள்ளை நிற்கும் படம் முகப்புத்தகத்தில் எல்லாரும் பார்க்கக் கிடக்கிறது. இலங்கையில் பதிவில்லாத வழமைத் திருமணமும் சட்டப்படி செல்லக்கூடியது. காலி வீதித் தூதரகத்தில் நேர்முகம் எடுப்பவர் அந்தப் படத்தைக் காட்டிக் கேட்டால் பிள்ளை என்ன சொல்லும்? நான் அந்த வேலையை எடுக்கவில்லை.

என்னைக் கேட்டால், நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஐ-130தான் நல்லது. கல்யாணம் இங்கே சொந்தபந்தத்தோடு நடக்கும். இறங்கிய நாளிலிருந்தே அவள் நிரந்தர வதிவாளர், வேலைக்குப் போகலாம். நுழையும் அன்று கல்யாணமாகி 2 வருடம் ஆகியிருக்காவிட்டால் 2 வருட கார்ட்தான் தருவார்கள். அது முடிவதற்கு முந்திய 90 நாளுக்குள் இருவருமாக, அந்த நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 மனுவைப் போட வேண்டும். கே-1இல் போனவள் 90 நாளுக்குள் கல்யாணம் குழம்பினால் வேறொருவரை முடித்து அங்கேயே இருந்துவிட முடியாது, திரும்பத்தான் வேண்டும். பெண்ணைப் பெற்றவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

'விசிட்டிங்கில் போய் அங்கேயே எழுதட்டும்' என்ற யோசனையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சுற்றிப்பார்க்கப் போகிறேன் என்று பொய் சொல்லி விசா எடுத்ததாகத் தீர்மானித்தால் அது வாழ்நாள் தடை. விலக்குக் கேட்கலாம், கிடைக்குமென்று ஒருவரும் கையெழுத்துப் போட்டுத் தரமாட்டார்கள்.

இன்னொன்று. மாப்பிள்ளை யாழ்ப்பாணத்தில் பிறந்திருந்தாலும் இப்போது அமெரிக்கக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருந்தால் பதிவாளருக்கு அவர் வெளிநாட்டவர். வெளிநாட்டவரோடான விவாகப் பதிவுக்குப் பாதுகாப்பு அனுமதி அறிக்கை வேண்டும் என்ற நடைமுறை 2022 ஜனவரி 1 முதல் கொண்டுவரப்பட்டது. இரண்டு கிழமை லீவில் வருபவருக்கு முகூர்த்தம் குறிக்க முன் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. குறிப்பில் நாலு வரி கூட்டுங்கள்: சிற்றிசனா கிரீன் கார்ட்டா, முன்னர் யாரையாவது ஸ்பொன்சர் செய்தாரா, முதல் கல்யாணம் இருந்தால் விவாகரத்துத் தீர்ப்பு கையில் இருக்கிறதா, ஸ்பொன்சர் செய்பவர் கொடுக்கும் ஆதரவு உறுதிப் பத்திரமான ஐ-864க்குத் தேவையான வருமானம், அதாவது அமெரிக்க வறுமைக்கோட்டு அளவின் 125 வீதம், அவருக்கு உண்டா. சிற்றிசன் என்று சொன்னால் கடவுச்சீட்டின் படப் பக்கத்தை அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால், மண்டபத்துக்கு முற்பணம் கட்ட முன் அதைப் பெண்வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர்