ஆண்டறிக்கை 2025: 'பியாசா'வும் அதன் பாடல்களும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் பழைய திரையிசை ரசிகர் சங்கத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கையை வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இது இந்தித் திரைப்பட இயக்குநரும் நடிகருமான குரு தத்தின் நூற்றாண்டு. அவர் 1925 ஜூலை 9 அன்று பெங்களூரில் பிறந்தவர். அதனால் ஜூலைக் கூட்டத்தில், 1957இல் அவர் தயாரித்து இயக்கி நடித்த 'பியாசா' என்ற இந்திப் படத்தைத் திரையிட்டோம். பாடல்களின் பொருளைத் தமிழில் அச்சடித்து முன்கூட்டியே எல்லோருக்கும் கொடுத்தோம். எஸ்.டி. பர்மனின் மெட்டு மொழி தெரியாதவரையும் இழுத்துவிடும்தான். ஆனால் இதில் நாயகன் விஜய் ஒரு கவிஞன். பாடலாசிரியர் சாஹிர் லுதியான்வி எழுதியது புரியாமல் பார்த்தால் பாதிப் படம் போய்விடும்.

'ஜின்ஹே நாஸ் ஹை' சாஹிர் முன்பே எழுதியிருந்த கவிதை. அதிலிருந்த கடினமான உருதுச் சொற்களை எளிதாக்கிப் படத்துக்குத் தந்தார். விலைமாதர் தெருவில் தள்ளாடியபடி, நாட்டை நினைத்துப் பெருமைப்படுகிறவர்கள் எங்கே என்று விஜய் கேட்கிறான். அப்போது சுதந்திரம் வந்து பத்து ஆண்டுகூட ஆகவில்லை! முகம்மது ரஃபி அதைச் சத்தம் போடாமல் பாடியிருப்பதுதான் நம்மை உலுக்குகிறது. கடைசியில் வரும் 'யே துனியா' வேறு மாதிரி. தான் இறந்துவிட்டதாகச் சொல்லி மற்றவர்கள் தனக்கு நடத்தும் நினைவுக் கூட்டத்தின் வாசலில் விஜய் வந்து நிற்கிறான். மெல்லத் தொடங்கும் குரல் போகப்போக நெருப்பாகிறது. பின்னாலிருந்து ஒளி விழ, கைகளை விரித்து நிற்கும் அந்த உருவம் வி.கே. மூர்த்தியின் ஒளிப்பதிவு. படம் முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

விஜயின் கவிதைகளை நேசிக்கும் விலைமாது குலாபோவாக வரும் வஹீதா ரெஹ்மான் செங்கல்பட்டில் பிறந்தவர் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருந்தது. அவர் வரும் காட்சியில் கீதா தத் குரலில் ஒலிக்கும் 'ஆஜ் சஜன்' வங்காளக் கீர்த்தனைச் சாயலில் அமைந்தது. அதை இரண்டாம் முறையும் போடச் சொன்னார்கள், போட்டோம்.

அப்புறம், நகைச்சுவை நடிகர் ஜானி வாக்கர் சத்தாராக வரும் 'சர் ஜோ தேரா' பாடல் இந்தப் படத்துக்குத் தேவையா என்று நீண்ட விவாதம் நடந்தது. தேவை என்பதே என் கருத்து. எண்ணெய் மாலிஷ் செய்து பிழைக்கும் அந்த சத்தார்தான் விஜய்க்குக் கடைசிவரை உதவும் நண்பன். அவன் வாழ்க்கைக்கும் ஒரு பாட்டு வேண்டும்.

அடுத்த ஆண்டுக்கு 1959இல் வந்த குரு தத்தின் 'காகஸ் கே ஃபூல்' படத்தைச் செயற்குழு பரிந்துரைக்கிறது. சாஹிருக்குப் பதில் அதில் கைஃபி ஆஸ்மி எழுதினார். பாடல்களுக்குப் பொருள் எழுத இந்தியும் உருதும் தெரிந்தவர்கள் தேவை. முன்வருபவர்கள் இன்றே பெயர் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்