கிளம்பும்போதே முடித்துவிட்டு வர முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மதுரைப் பதிப்பில் தெற்கு மாசி வீதிப் படம் ஒன்று போட்டிருந்தீர்கள். தீபாவளித் துணி எடுக்க வந்த கூட்டத்துக்கு நடுவே, சாக்கடை ஓரத்தில் குழந்தையை உட்கார வைத்து, முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டு நிற்கிறாள் ஒரு தாய். கீழே ஒரு வரி: "கிளம்பும்போதே வீட்டில் முடித்துவிட்டு வரக் கூடாதா?"

பால்வாடியில் 27 ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரையான பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிட்ட கை இது. அந்த உரிமையில் சொல்கிறேன்: அந்த வரி தவறு. அந்தத் தாய்க்கும் அது மனம் நோகும்.

குழந்தையின் மூத்திரப்பை எவ்வளவு கொள்ளும் என்பதற்கு மருத்துவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. வயதோடு 2 கூட்டி 30-ஆல் பெருக்க வேண்டும். மூன்று வயதுக்கு 150 மி.லி. வரும்; ஒரு காபி டம்ளர் அளவு. உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி, ஆரப்பாளையத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்துப் பெரியார் நிலையம் வந்து, கூட்டத்தில் நடந்து மாசி வீதிக்கு வர இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. வீட்டில் என்னதான் போய்விட்டு வந்தாலும் அதற்குள் அந்த டம்ளர் மறுபடி நிறைந்துவிடும். வழியில் இரண்டு இட்லி கொடுத்திருந்தால் ரெண்டுக்கும் சேர்ந்து வரும். வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும்; சின்னப் பிள்ளைகளுக்கு அது கால் மணி, அரை மணியில் தெரியும். அதனால்தான் பஸ் நிலையத்தில் டிபன் கொடுத்தால் உடனே கிளம்பாமல், இருபது நிமிஷம் கழிப்பறைக்குப் பக்கத்திலேயே இருந்து ஒரு முறை உட்கார வைத்துவிட்டுப் போங்கள் என்று தாய்மார்களிடம் சொல்வேன்.

"வருதா?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் எந்தப் பிள்ளையும் "இல்லை" என்றுதான் சொல்லும், விளையாட்டை விட மனசு வராது. "வா, போயிட்டு வந்துரலாம்" என்று கூட்டிப் போக வேண்டும். பையன் முன்பக்கத்தைப் பிடித்துக்கொள்வான். பெண் பிள்ளை காலைப் பின்னிக்கொள்ளும், அல்லது குதிகாலை மடக்கி அதன் மேல் உட்காரும். ஓடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று பேச்சு நின்று தூணுக்குப் பின்னால் போனால் அது ரெண்டுக்கு. அதிலிருந்து சில நிமிஷம்தான் நம் கையில் இருக்கிறது. தெற்கு மாசி வீதியில் அந்தச் சில நிமிஷத்தில் எந்தக் கழிப்பறைக்குப் போய்விட முடியும் என்று படம் எடுத்தவர் சொன்னால் நன்றாக இருக்கும்.

பெரிய ஜவுளிக்கடைகளில் கழிப்பறை இருக்கிறது. கதவில் "ஊழியர்களுக்கு மட்டும்" என்ற பலகையும் இருக்கிறது. ஐயாயிரத்துக்குத் துணி எடுத்தவருக்கு அது திறக்கும், விலை கேட்டுவிட்டுப் போகிறவருக்குத் திறக்காது. கட்டணக் கழிப்பறையில் நோட்டை நீட்டினால் சில்லறை கேட்பார்கள். பெண்கள் பக்கத்தில் பத்துப் பேர் வரிசை நிற்கும். "குழந்தையோடு வருகிறவரை முன்னால் விடவும்" என்று ஒரு பலகை எழுதி வைக்க எவ்வளவு செலவாகும்? மகளைக் கூட்டிவந்த அப்பாவுக்கு எந்தப் பக்கம் போவது என்றே தெரியாது. அதை யாரும் எழுதுவதில்லை.

உள்ளே போன பிறகும் கஷ்டம் தீராது. நம்மூர்க் கோப்பையில் கால் வைக்கும் இடைவெளி பெரியவர் காலுக்கு ஏற்றது. மூன்று வயதுக் குழந்தை காலை அவ்வளவு விரித்தால் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் அடக்கிக்கொள்ளும். எதிரே நின்று இரண்டு முழங்கையையும் பிடித்துக்கொள்ளுங்கள். பாவாடையைச் சுருட்டிக் குழந்தையின் கையிலேயே பிடிக்கக் கொடுத்தால் கைக்கு வேலை இருக்கும், பயம் குறையும். பெண் பிள்ளையைச் சற்று முன்னால் குனிய வைக்காவிட்டால் மூத்திரம் பின்பக்கம் ஓடித் துணி நனையும். வெஸ்டர்ன் கோப்பை என்றால் ஒரு கால் டவுசரைக் கழற்றிவிட்டு, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி திருப்பி உட்கார வையுங்கள். தொட்டியைப் பிடித்துக்கொள்ளும், உள்ளே நழுவாது. எதிலும் உட்கார வைக்க முடியாத அளவு அழுக்கு என்றால், பின்னாலிருந்து தொடைக்கு அடியில் கை கொடுத்து, முதுகு நம் நெஞ்சில் சாய, முழங்கால் இடுப்புக்கு மேலே வரும்படி தூக்கிப் பிடிக்க வேண்டும். கால் தொங்கினால் முக்க வராது. கழுவும் முன் தண்ணீரை நம் கையில் விட்டுப் பாருங்கள். மதுரை வெயிலில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் மத்தியானம் கொதிக்கும். பிஞ்சுத் தோல் பொசுங்கிவிடும். பெண் பிள்ளைக்கு முன்னாலிருந்து பின்னால்தான் கழுவ வேண்டும்.

நாடா வைத்த டவுசரை வெளியூருக்குப் போட்டுக் கூட்டிவராதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். அவசரத்தில் இழுத்தால் முடிச்சு இறுகும், நனைந்துவிட்டால் நகத்துக்கு அசையாது. எலாஸ்டிக் போதும்.

அந்தத் தாய் செய்தது சரி என்று நான் வாதாடவில்லை. குழந்தை மலத்தில் ஒன்றுமில்லை என்று ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. வயிற்றுப்போக்குக் கிருமிகள் சின்னப் பிள்ளைகளின் மலத்தில்தான் கூடுதலாக இருக்கும். அதனால் பையில் ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா மூடியோடு இருக்கட்டும். உள்ளே பழைய வேட்டித் துணி மடித்துப் போட்டால் ஒரு முறை போகும் மூத்திரத்தைக் குடித்துவிடும். ரெண்டுக்கு என்றால் தோசைமாவுக் கவரை வெட்டி விரித்து டப்பாவுக்குள் போட்டுக்கொள்ள வேண்டும்; 2019 ஜனவரி முதல் கடையில் கேரி பேக் கிடையாது, வீட்டிலிருந்தே எடுத்து வர வேண்டும். மலத்தை அடுத்த கழிப்பறையில் கொட்டிவிட்டுக் கவரைத் தாளில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போடலாம். இரண்டு ஜட்டி, அரை லிட்டர் தண்ணீர், ஒரு துண்டு சோப்பு. இந்த மாதிரி நாலு வரியைப் படத்துக்குக் கீழே போட்டிருந்தால் அடுத்து வரும் தாய்க்குப் பயன்பட்டிருக்கும்.

கோடையில் தங்கள் பத்திரிகையின் பெண்கள் பக்கத்தில் வந்த ஒரு குறிப்பையும் நான் மறக்கவில்லை: பயணத்தின்போது குழந்தைக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுங்கள் என்று. மே மாத மதுரையில்! தண்ணீர் குறைந்தால் மூத்திரம் கெட்டியாகிக் கடுக்கும், கடுத்தால் பிள்ளை இன்னும் அடக்கும், கிருமி தொற்றும். மலத்தை அடக்கினால் குடல் அதிலுள்ள தண்ணீரை இழுத்துக்கொள்ளும், கல்லாகும், போகும்போது கிழியும். ஒருமுறை வலித்த பிள்ளை மறுபடி உட்காரப் பயப்படும். பிறகு கெட்டி மலத்தைச் சுற்றி இளகியது கசிந்து ஜட்டியில் படும், அதற்கும் அடி வாங்கும். இதை விளக்கி அப்போதே எழுதினேன். வெளியிடவில்லை, இடமில்லாமல் இருந்திருக்கலாம்.

2015 ஆகஸ்டில் தமிழகப் பேருந்து நிலையங்களில் தாய்மார்களுக்குப் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். நல்ல காரியம். ஆனால் பால் குடித்த பிள்ளை வளர்ந்து நடக்க ஆரம்பிக்கும் என்பதை யாரும் நினைக்கவில்லை. அந்த அறையை ஒட்டி ஓரடிக்கும் குறைந்த உயரத்தில் ஒரு சிறு கோப்பை, எட்டுகிற உயரத்தில் குழாய், பை மாட்ட ஒரு ஆணி இருந்தால் போதும். பால்வாடிகளில் சின்னப் பிள்ளைகளுக்கென்று தாழ்ந்த கோப்பை வைத்திருக்கிறது அரசு; அதே பிள்ளை பஸ் நிலையத்துக்கு வந்தால் பெரியவராகிவிடுமா?

இதையெல்லாம் தாங்கள் அறியாதவர் அல்ல. மதுரையிலேயே பத்திரிகை நடத்துகிறவர்கள். நான் கேட்பது இரண்டுதான். அந்தப் படத்தை இணையப் பதிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். குழந்தை அதில் துணியில்லாமல் இருக்கிறது. அடுத்த சித்திரைத் திருவிழாவுக்கு நிகழ்ச்சி நிரல் போடும் பக்கத்தில், மாசி வீதிகளிலும் வைகைக் கரையிலும் எந்தக் கழிப்பறை எங்கே இருக்கிறது, எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று ஒரு கட்டம் போடுங்கள். கள்ளழகர் ஆற்றில் இறங்குவது விடியற்காலையில். முதல் நாள் ராத்திரியே பிள்ளைகளோடு வந்து கரையில் படுப்பவர்கள் ஏராளம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
செல்லூர், மதுரை.