வெப்சைட் லேஅவுட் சொல்லிக்குடுக்குறவங்க தமிழ் எழுத்த வச்சே சொல்லிக்குடுங்க

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்ரீவில்லிபுத்தூர்ல 18 வருசமா டிடிபி கடை வச்சிருக்கேன். கல்யாணப் பத்திரிகை, பிட் நோட்டீஸ், ஃப்ளெக்ஸ், விசிட்டிங் கார்டுன்னு விடிஞ்சா அடைஞ்சா போட்டோஷாப் முன்னாடிதான் உக்காந்திருக்கேன். உங்க பேப்பர்ல படிக்கிற பசங்களுக்குன்னு நெறைய போடுறீங்க, அதனாலதான் இத உங்களுக்கு எழுதணும்னு தோணுச்சு.

போன மாசம் ஒரு பொண்ணு கலர் பிரின்ட் எடுக்க வந்துச்சு. ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல 3 மாசம் வெப் டிசைன் படிச்சிருக்கு, கடைசி புராஜெக்ட்டா ஒரு பால்கோவா கடைக்கு வெப்சைட் லேஅவுட்ட, அதாவது பக்கத்துல எது எங்க வரணும்ங்கற வரைபடத்த, போட்டோஷாப்ல பண்ணிக் கொண்டாந்திருந்துச்சு. தெறந்து பாத்தேன். 1920 பிக்சல் அகலம், மேல ஒரு பட்டை, கீழ பெரிய படம், அப்புறம் வரிசையா மூணு கட்டம், அடியில கருப்பா இன்னொரு பட்டை. கைடுங்கற அளவுக் கோடெல்லாம் கரெக்டா இழுத்து வச்சு, லேயர்ங்கற அடுக்கு ஒவ்வொண்ணுக்கும் பேர் போட்டு, குரூப் பண்ணி, அவ்வளவு சுத்தமா வச்சிருந்துச்சு, எங்க தொழில்லயே இப்படி வேல செய்றவங்கள நான் அதிகம் பாத்ததில்ல. ஆனா உள்ள இருந்த எழுத்து பூரா எடத்த நெரப்புறதுக்குப் போடுற லத்தீன் டம்மி எழுத்து. ஒரு வார்த்த தமிழ் இல்ல.

"கடைக்காரர்ட்ட காட்டணும் அண்ணாச்சி, தமிழ்ல மாத்திக் குடுங்க"ன்னுச்சு. நீயே அடிம்மான்னு சேர விட்டு எந்திரிச்சேன். பால்கோவான்னு அடிச்சுச்சு. கோ-வுல கானாவுக்கு முன்னாடி நிக்க வேண்டிய ரெட்டைக் கொம்பு பின்னாடி போயிருச்சு, ல்-லுக்கு மேல இருக்க வேண்டிய புள்ளி தள்ளிப் போய் தனியா நிக்குது. அந்தப் பொண்ணு நாமதான் தப்பா அடிச்சிட்டோம்னு நெனச்சுக்கிட்டு மூணு தடவ அழிச்சு அழிச்சு அடிக்குது, எனக்கு மனசு கேக்கல. அது மேல ஒரு தப்பும் இல்ல. போட்டோஷாப்ல டைப் செட்டிங்ல போய் மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்ங்கறத டிக் பண்ணணும், பாராகிராஃப் மெனுவுல வேர்ல்ட் ரெடி லேஅவுட் வைக்கணும், வெர்ஷனுக்கு வெர்ஷன் இந்தப் பேரும் எடமும் மாறலாம், சரியா வச்சுட்டா கொம்பு அதது எடத்துல வந்து உக்காந்துரும். போட்டோஷாப் மாதிரியே படம் எடிட் பண்ற கிம்ப்ல இந்தப் பாடே கிடையாது, யூனிகோட் (எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறை) ஃபான்ட் எடுத்து அடிச்சா நேரா வரும், 1996லேர்ந்து காசில்லாம கெடைக்கிற சாஃப்ட்வேர் அது. 3 மாச கோர்ஸ்ல இத ஒருத்தரும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லல.

இது வரலேன்னதும் எல்லாரும் என்ன பண்றாங்கன்னா பழைய பாமினி ஃபான்ட்டுக்குப் போயிடுறாங்க. பாக்குறதுக்கு நல்லாத்தான் இருக்கும். ஆனா உள்ள இருக்குறது தமிழே கிடையாது, பா-ங்கற எழுத்து கம்ப்யூட்டருக்கு இங்கிலீஷ் ஜியும் ஹெச்சும்தான், அத காப்பி பண்ணி வேற எடத்துல போட்டா புரியாத கிறுக்கலா வரும். சரின்னு மொத்தப் பக்கத்தையும் ஒரே ஜேபிஜியா எக்ஸ்போர்ட் பண்ணி சைட்ல ஏத்திடுறாங்க. எங்க ஊர் பால்கோவாவுக்கு 2019ல புவிசார் குறியீடு கெடைச்சது, வெளியூர்க்காரங்க போன்லதான் கடையத் தேடுறாங்க. அவங்களுக்குக் கெடைக்கிறது ஒரு படம். அதுல நம்பர தொட்டா போன் போகாது, பெருசு பண்ணா மங்கிப் போகும், கண்ணு தெரியாதவங்க போன்ல வாசிச்சுச் சொல்ற வசதி இருக்குல்ல, அது படத்துக்குள்ள இருக்குற வெலைய பெரும்பாலும் சரியா வாசிக்காது. தமிழ் நல்லாப் படிக்கத் தெரிஞ்ச ஊர்ல தமிழ படமாக்கி வைக்கிறோம், இதத்தான் என்னால பொறுக்க முடியல.

வெட்டி வெட்டிப் படமா போடுறது ஒரு காலத்துல சரிதான், அதையும் சொல்லிடுறேன். ஓரம் வளைஞ்ச பட்டன், நெழல் விழுற கட்டம் இதெல்லாம் அப்ப பிரவுசருக்கு வராது, அதனால போட்டோஷாப்ல வரைஞ்சு ஸ்லைஸ் டூலால துண்டு போட்டு வெப் பக்கத்துல டேபிள்ங்கற கட்டத்துக்குள்ள அடுக்குனாங்க. 960 பிக்சல் அகலம், 12 பத்தி, ஒவ்வொண்ணும் 60, நடுவுல 20 எடவெளின்னு ஒரு கணக்கும் 2008 வாக்குல எல்லாரும் வச்சிருந்தாங்க, நல்ல கணக்கு அது. இப்ப அந்த வளைவும் நெழலும், வெப் பக்கத்தோட தோற்றத்த எழுதுற சிஎஸ்எஸ்ல ஒரு வரி. வெப் டிசைனர் ஈத்தன் மார்காட் 2010லயே ஸ்கிரீனுக்குத் தக்கன பக்கம் மாறணும்னு எழுதி ரெஸ்பான்சிவ்னு பேரும் வச்சுட்டாரு. சென்டர்ல இன்னும் ஸ்லைஸ்தான் நடத்துறாங்க.

அதுக்காக போட்டோஷாப்ல லேஅவுட் போடவே கூடாதுன்னு நான் சொல்ல வரல. நெட்ல லேஅவுட் போடுற ஃபிக்மா இருக்கேம்பாங்க, இருக்கட்டும், நெட் விட்டு விட்டு வர்ற வீட்டுல பழைய கம்ப்யூட்டர் வச்சிருக்குற பிள்ளைக்கு இதுவே போதும். கட்டத்த நகத்திப் பாக்கலாம், கலர மாத்திப் பாக்கலாம், கோடிங் எழுதுறதுக்கு முன்னாடியே கடைக்காரர்ட்ட காட்டி சரி வாங்கலாம்.

அன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் உக்காந்து புதுசா ஒண்ணு போட்டோம். மொதல்ல ஒரு வெள்ளத் தாள்ல பென்சில்ல கட்டம். அப்புறம் புது ஃபைல், 360 அகலம், ஏன்னா ஆண்ட்ராய்டு போன் நெறைய இந்த அளவுலதான் பக்கத்தக் காட்டும். கலர் ஸ்கிரீனுக்கு வைக்கிற ஆர்ஜிபி, நாங்க ஃப்ளெக்ஸுக்கு வைக்கிற சிஎம்ஒய்கே இல்ல. ரெண்டு ஓரமும் 16 விட்டு கைடு இழுத்தா உள்ள 328, அதுல 160, 160ன்னு ரெண்டு பால்கோவா படம், நடுவுல 8. மெனுவுல ஹோம், அபவுட், கான்டாக்ட்னு இருந்த எடத்துல முகப்பு, எங்களைப் பற்றி, தொடர்புக்குன்னு போட்டதும் ரெண்டு வரியாயிருச்சு. தமிழுக்கு எடம் கூட வேணும்னு அப்பதான் அந்தப் பொண்ணுக்கே புரிஞ்சுது, எங்களைப் பற்றிங்கறத கடையின் கதைன்னு மாத்திப் பாத்துச்சு, அப்பவும் கொள்ளல, கடைசியில கடைன்னு மட்டும் வச்சுச்சு, அழகா உக்காந்துச்சு. வரிக்கு வரி எடவெளியும் இங்கிலீஷுக்கு விட்டது பத்தல, மேல இருக்குற வரியில கூ, நூ-வோட வாலும் கீழ இருக்குற வரியில கீ, நீ-யோட சுழியும் இடிக்குது, எழுத்து 16ன்னா வரிக்கு 28 வச்சோம். செவப்புல மஞ்ச எழுத்து போட்டுருந்துச்சு, நோட்டீஸ்ல எடுப்பா இருக்கும், ஆனா சுத்தச் செவப்புக்கும் சுத்த மஞ்சளுக்கும் வெளிச்ச வித்தியாசம் (கான்ட்ராஸ்ட்) 3.7க்கு 1தான் வருது, 2008ல வந்த வெப் விதிமுறையில சாதாரண எழுத்துக்கு 4.5 வேணும்னு இருக்கு. கடைக்கு வெளிய மத்தியான வெயில்ல போன நீட்டிப் பாத்தோம், பிள்ளைக்கே கண்ணு கூசுச்சு. அடர் அரக்குல வெள்ளைன்னு மாத்துனோம். கூப்புடுற பட்டன் ஒசரம் 48, கட்டை வெரல் வைக்கத் தோதா. போன்ல எடுத்த 4 எம்பி போட்டோவ 720 அகலமாக் கொறச்சு சேவ் ஃபார் வெப்ல 100 கேபி பக்கத்துல கொண்டாந்தோம். படம் படமா, எழுத்து எழுத்தா. அந்த லேஅவுட்ட அளவு எடுக்குறதுக்கு மட்டும் வச்சுக்கிட்டு எழுத்தெல்லாம் கோடிங்ல யூனிகோடா அடிக்கச் சொல்லி அனுப்புனேன்.

ரெண்டு மணி நேரம்தான் ஆச்சு. சென்டர் நடத்துறவங்கள, பாலிடெக்னிக் வாத்தியாருங்கள நான் கேட்டுக்குறது, மொத நாளே டம்மி எழுத்துக்குப் பதிலா உங்க தெருவுல இருக்குற ஒரு கடையோட பேரு, வெலை, நம்பர தமிழ்ல குடுத்து லேஅவுட் போடச் சொல்லுங்க. உங்க பேப்பர்லயும் வாரம் ஒரு கால் பக்கம் இதுக்கு ஒதுக்குங்க சார், தமிழ் ஃபான்ட் எத எடுக்குறது, நோட்டோ சான்ஸ் தமிழ் எங்க போட்டா நல்லாருக்கும், காட்டமரான் எங்க போட்டா நல்லாருக்கும்னு படத்தோட போட்டீங்கன்னா வெட்டி ஒட்டி வச்சுக்குவாங்க.

நாங்க போட்ட அந்த 360 ஃபைல் லேயரோட என்கிட்ட இருக்கு. கடைக்காரரும் அந்தப் பொண்ணும் குடுக்கலாம்னு சொல்லிட்டாங்க. படிக்கிற பசங்க யார் பென்டிரைவ் கொண்டாந்தாலும் காப்பி பண்ணித் தர்றேன், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
டிடிபி கடைக்காரர்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.