முதல் ஊசிக்கு முன்பே எடுக்க வேண்டிய நீர்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கல்லீரல் சுருக்க நோயை (சிரோசிஸ்) பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மது, மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர் கோப்பது, ரத்த வாந்தி எல்லாம் விரிவாக இருந்தன. ஆனால் நன்றாக இருந்த நோயாளியை இரண்டே நாளில் சாய்த்துவிடுகிற கிருமித்தொற்றுக்கு ஒரே ஒரு வரி: ஆன்டிபயாடிக் கொடுத்தால் சரியாகிவிடும். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள் நான். அந்த வரி ஒரு காலத்தில் ஓரளவு உண்மை. இன்று இல்லை.

வயிற்று நீரில் தொற்று வர, கிருமி வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. குடலில் சும்மா கிடந்த கிருமிகளே தளர்ந்துபோன குடல் சுவரைத் தாண்டி ரத்தத்தில் கலக்கின்றன. வடிகட்ட வேண்டிய கல்லீரலோ தழும்பேறிக் கிடக்கிறது; ரத்தத்தில் ஒரு பங்கு அதைச் சுற்றிக்கொண்டே போய்விடுகிறது. காய்ச்சல்கூட இல்லாமல் போகலாம். பேச்சில் தடுமாற்றம், நேரங்கெட்ட தூக்கம், சிறுநீர் குறைவது இவைதான் முதலில் தெரியும். வீட்டில் இருப்பவர்கள் அசதி என்று விட்டுவிடுகிறார்கள்.

நான் வேலையில் சேர்ந்தபோது, இந்த நீரில் வளர்வது பெரும்பாலும் ஈ.கோலை, இல்லையென்றால் கிளெப்சியெல்லா என்ற குடல் கிருமிகள்தான் என்று மூத்தவர்கள் சொல்லித்தந்தார்கள். செஃபோடாக்சைம் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டால் அடங்கிவிடும். மறுபடி வராமலிருக்க நார்ஃபுளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை மாதக்கணக்கில் கொடுத்தார்கள். அது பலரைக் காப்பாற்றியது, மறுக்க மாட்டேன். ஆனால் அதற்கு அடங்காத கிருமிகளுக்கு வழிவிட்டதும் அதே மாத்திரைதான். இந்த மாத்திரையும், உடலில் குழாய் நுழைத்துச் செய்யும் சிகிச்சைகளும் பெருகியபின் கிராம் பாசிட்டிவ் கிருமிகள் (கிராம் சாயத்தில் ஊதாவாகத் தெரிகிற வகை) முன்னுக்கு வந்துவிட்டதைப் பார்சிலோனா மருத்துவர்கள் 2002-லேயே எழுதினார்கள். அவ்வகையைச் சேர்ந்த என்டிரோகாக்கஸை செஃபோடாக்சைம் ஒன்றுமே செய்யாது. பிறகு 2015–16-இல் பல கண்டங்களின் 46 மருத்துவமனைகளில் 1,302 சிரோசிஸ் நோயாளிகளைக் கவனித்தார்கள். கிருமி இன்னதென்று தெரிந்தவர்களில் 34 சதவீதம் பேரிடம் இருந்தது பல மருந்துகளுக்கு அடங்காத கிருமி. ஆசியாவில்தான் இந்த விகிதம் மிக அதிகம்.

எண்ணை விடுங்கள்; காலையில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். கிருமியைப் பரப்பிய தட்டில் மருந்து தோய்ந்த சின்னஞ்சிறு வில்லைகளை வைத்து இரவு முழுவதும் விட்டுவிடுவோம். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றித் தெளிவான வட்டம் விழும். இப்போதெல்லாம் செஃபோடாக்சைம் வில்லையின் விளிம்பு வரை கிருமி நெருங்கி வளர்ந்திருப்பதைப் பார்க்கிறேன். பக்கத்தில் கிளாவுலானிக் அமிலம் உள்ள வில்லை இருந்தால் அந்தப் பக்கம் மட்டும் தெளிவு நீண்டு இழுபடும். மருந்தையே சிதைக்கும் நொதியைக் கிருமி சுரக்கிறது, அந்த நொதியை இந்த அமிலம் தடுக்கிறது என்பதற்கு அது அடையாளம். இன்னும் வலுவான ஆன்டிபயாடிக்கான மெரோபெனம் வில்லையைச் சுற்றியும் வட்டம் விழாத தட்டுகள் உண்டு. அன்றைக்கு மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்கவே கை தயங்கும்.

அதைவிட வேதனை, ஒன்றுமே வளராத தட்டு. ஒருமுறை நோயாளியின் வயிற்று நீர் வெறும் குழாயில், இரண்டு நாள் ஆன்டிபயாடிக் ஏறியபின் என் மேசைக்கு வந்தது. ஒரு கன மில்லிமீட்டரில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் 250-ஐத் தாண்டினாலே தொற்று என்று கொள்ள வேண்டும். அதில் ஆயிரத்துக்கும் மேல். கிருமி எது என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. எந்த மருந்துக்கு மாறுவது என்று கேட்ட இளம் மருத்துவருக்கு என்னிடம் பதில் இல்லை. இந்த நீரில் கிருமிகளின் எண்ணிக்கை மிகக் குறைவு. படுக்கை அருகிலேயே ரத்தக் கல்ச்சர் பாட்டிலில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் ஊட்டத் திரவம் உள்ள பாட்டில்) பத்து மில்லி நேராக ஊற்றினால் கிடைக்கிற கிருமி, வெறும் குழாயில் வந்தால் பல நேரம் கைநழுவிப் போகிறது.

ரத்தம் உறையும் அளவு சரியில்லை என்று, நீர் எடுக்க வயிற்றில் ஊசி குத்தத் தயங்குவதையும் கேள்விப்படுகிறேன். மெல்லிய ஊசியால் எடுக்கும்போது பெரிய ரத்தக்கசிவு அரிது. நோயாளி ரத்த அழுத்தம் சரிந்து அதிர்ச்சி நிலையில் இருந்தால் மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது என்பதும் உண்மை. ஆனால் மாதிரி எடுக்கச் சில நிமிடங்கள் போதும். அது கையில் இருந்தால், வலுவான மருந்தில் தொடங்கிய சிகிச்சையை இரண்டு மூன்று நாளில் எளிய மருந்துக்கு இறக்கலாம், அல்லது தவறான மருந்தை மாற்றலாம்.

இன்னொன்று. எங்களுக்கு வரும் படிவத்தில் ‘சமீபத்தில் எடுத்த ஆன்டிபயாடிக்’ என்ற கட்டம் பெரும்பாலும் காலியாகவே இருக்கிறது. கடந்த மூன்று மாதத்தில் நோயாளி எந்த மருந்து எடுத்தார், எங்கே அனுமதிக்கப்பட்டிருந்தார் என்பதுதான் அடங்காத கிருமியை முன்கூட்டியே சந்தேகிக்க உதவும். அது குடும்பத்தாருக்குத்தான் தெரியும். பழைய மருந்துச் சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் எடுத்துவரச் சொல்லுங்கள். முதல் ஆன்டிபயாடிக் ஊசிக்கு முன் வயிற்று நீரும் ரத்தமும் கல்ச்சருக்கு எடுத்தாயிற்றா என்று அவர்கள் தயங்காமல் கேட்கலாம் என்பதையும் அடுத்த இதழில் அச்சிடுங்கள், ஆசிரியரே.

இப்படிக்கு,
ஆய்வகப் பணியாளரான உங்கள் வாசகி